கூடும் ஊரும் கையொப்பமிடும் பேராயமும்

ஓரினம் தன்னைத்தானே ஆள்கின்றதா என்று அறிய விரும்புவார் அதன் தலைநகரத்து மாளிகையைப் பார்த்து முடிவு கட்டுதல் கூடாது. அம்மாளிகையினின்று நூறு கல் தொலைவிலுள்ள ஒரு சிற்றூருக்குச் செல்லுதல் வேண்டும். அங்கே ஒரு கூடத்தில் முதியோரும் பெண்டிரும் ஆடுமேய்ப்போரும் அமர்ந்து எம்மொழியிற் பேசுகின்றனர், பேசி எடுத்த முடிவு எங்கே போய் எவர் கையில் நிற்கின்றது என்னும் இரண்டையும் பார்த்தல் வேண்டும். இவ்விரண்டையும் தெளிவாகக் காட்டவல்ல ஓர் அமைப்பு, அமெரிக்க ஒன்றிய நாடுகளின் தென்மேற்கில் வாழும் நவகோ மக்களின் ஊர்மன்றம். 1927-இல் தொடங்கிய இவ்வமைப்பிற்கு 2027-இல் நூறாண்டு நிறைகின்றது. நூறாண்டு விழாவுக்கு முன்பே அதன் நிறையும் குறையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். நவகோ என்பது அம்மக்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயரன்று. இசுபானியர் வழியாக வந்து நிலைத்த அயற்பெயர். அவர்கள் தம்மைத் தினே என்றே அழைப்பர். மக்கள் என்பதே அதன் பொருள். தம் நிலத்தைத் தினே பிக்கேயா என்பர். அரிசோனா, புது மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் விரிந்து கிடக்கும் அந்நிலத்தின் பரப்பு ஏறத்தாழ 27,000 சதுரக் கல். பதிவுபெற்ற குடிமக்கள் ஏறத்தாழ நான்கு இலக்கவர். இந்நிலம் ஐந்து வட்டங்களாகவும், அவ்வட்டங்கள் 110 ஊர்மன்றங்களாகவும் பகுக்கப்பட்டுள்ளன. ஆங்கிலத்தில் ஊர்மன்றத்துக்கு வழங்கும் சொல் விந்தையானது. நூலின் இயலுக்கும் கழகத்தின் கிளைக்கும் அம்மொழியில் ஒரே சொல் உண்டு. அச்சொல்லையே இதற்கும் இட்டனர். கிளை என்றால் மரம் எங்கே என்று கேட்கத் தோன்றும். கேட்டுப் பார்த்தால் மரம் வாசிங்டனில் நின்றமை விளங்கும்.

ஆயினும் வாசிங்டன் வருமுன்னரே அவர்களிடத்து ஆட்சி இருந்தது. நாட்டு முழுமைக்கும் ஒரு மன்னன் இருந்ததில்லை. கோட்டையோ கருவூலமோ இருந்ததில்லை. ஒவ்வொரு பகுதியிலும் நாட்டானி என்னும் தலைவர் ஒருவர் இருந்தார். (நம் நாட்டான் என்னும் சொல்லோடு ஒலி ஒத்திருத்தலைக் கண்டு உடனே உறவு நாட்ட முற்படும் அன்பர்கள் அருள்கூர்ந்து பொறுத்துக்கொள்க. ஒலியொப்புமை மட்டுமே உறவாகாது; இதில் வேர்ச்சொல் உறவு ஏதுமில்லை.) நாட்டானியின் ஆற்றல் அவர்தம் நாவில் இருந்தது. கட்டளையிட அவர்க்குப் படையில்லை. நன்கு பேசி, உறவுமுறை காட்டி, ஊரை ஒரு முடிவுக்குக் கொணர்தலே அவர் பணி. அவர் சொல்லை ஊர் கேளாது போயின் அவர் தலைவரல்லர். அமைதிக்காலத் தலைவரும் போர்க்காலத் தலைவரும் வேறுவேறாயிருந்தனர். பன்னிரு அமைதித் தலைவரும் பன்னிரு போர்த் தலைவரும் சில ஆண்டுகளுக்கொருமுறை ஒருங்கு கூடும் நாச்சித் என்னும் பெருங்கூட்டம் ஒன்றும் இருந்ததாக அவர்தம் முதியோர் வழிவழி உரைத்து வருகின்றனர். இவ்வமைப்பு முழுமைக்கும் அடிப்படை 'கே' என்னும் ஓரசைச் சொல். உறவு என்று நாம் பெயர்க்கலாம். எனினும் தாய்வழிக் குடியுறவும், அவ்வுறவினின்று பிறக்கும் கடமையும் அச்சொல்லுள் அடங்கும்.

இதனை வெள்ளையர் படை 1863-இலும் 1864-இலும் சிதைத்தது. பயிர்கள் எரிக்கப்பட்டன, கனிமரங்கள் வெட்டப்பட்டன, எண்ணாயிரவர்க்கு மேற்பட்டோர் முந்நூறு கல்லுக்கு மேல் நடத்திச் செல்லப்பட்டு, கிழக்கே ஒரு வெட்டவெளியில் நான்காண்டு சிறைவைக்கப்பட்டனர். நோயாலும் பசியாலும் மாண்டோர் பலப்பலர். 1868 சூன் முதல்நாளில் பார்பன்சிட்டோ முதலிய தலைவர்கள் உடன்படிக்கை செய்து தம் மக்களை மீட்டுக்கொண்டு திரும்பினர். துரத்தப்பட்ட தொல்குடிகளுள் தம் தாயகத்துக்கே மீண்டு வந்தோர் மிகச் சிலர்; இவர்கள் அவருள் ஒருவர். அவ்வுடன்படிக்கையின்கண் இரண்டு செய்திகளை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒன்று, பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்குக் கட்டாயம் அனுப்புதல். முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. மற்றொன்று, அவர்தம் நிலத்தில் எப்பகுதியையேனும் விட்டுக்கொடுக்க நேரின் வயதுவந்த ஆடவருள் முக்காற்பங்கினர் இசைவு வேண்டும் என்பது. முதற்செய்தி அவர்தம் மொழிக்குப் பகையாயிற்று. இரண்டாவது அவர்தம் நிலத்துக்கு அரணாயிற்று. அரண் எத்துணைநாள் நின்றது என்பதைச் சொல்வோம்.

1920-களின் தொடக்கத்தில் அந்நிலத்தின் வடகிழக்கே கல்லெண்ணெய் இருப்பது தெரிந்தது. எண்ணெய் நிறுவனங்கள் குத்தகை கேட்டு வந்தன. அப்பகுதி மக்கள் கூடிப் பேசினர். ஒரு நிறுவனத்திற்கு இசைந்தனர். ஏனையோர் பலர்க்கு மறுத்தனர். ஒவ்வொரு குத்தகைக்கும் ஊர்கூட்டி இசைவு பெறுவதென்பது எண்ணெய்க்காரர்க்கும் வாசிங்டனுக்கும் பெருந்தொல்லையாகப் பட்டது. மக்கள் கூடினால் மறுக்கின்றனர். மறுக்காத ஒரு கூட்டம் வேண்டும். அதற்குக் கண்ட வழிதான் பேராயம். முதலில் 1922-இல் மூவர் கொண்ட ஒரு குழு அமர்த்தப்பட்டது. அடுத்த ஆண்டு நெறிமுறைகள் எழுதப்பட்டு, 1923 சூலை 7-ஆம் நாள் பன்னிரு பேராளர் கொண்ட பேராயம் முதன்முறையாகக் கூடிற்று. சீ தாட்சு என்பார் தலைவரானார். வெள்ளை ஆணையர் உடனிருந்தாலன்றிப் பேராயம் கூடுதல் இயலாது என்பது அந்நெறிமுறை. கூடிய முதல் நாளிலேயே அப்பேராயம் செய்த செயல் யாது? எண்ணெய்க் குத்தகைகளில் தம் மக்கள் சார்பிற் கையொப்பமிடும் உரிமையை அந்த ஆணையர்க்கே எழுதிக் கொடுத்தது!

தினே மக்கள் சொற்கூர்மையுடையர். பேராயத்துக்கு அவர்கள் இட்ட பெயர், 'மாழை அணிந்தோர்' எனப் பொருள்படும். பேராளர் நெஞ்சில் அணிந்த மாழைவில்லையைக் கண்டு இட்ட பெயர் அது. இன்றும் அதுவே வழக்கு. நாட்டானி என்னும் பழஞ்சொல்லை அவர்கள் அப்பேராளர்க்கு எளிதில் ஈந்துவிடவில்லை என்பது நோக்கத்தக்கது. பேச்சாற்றலால் தலைவரானவனுக்கு ஒரு பெயர். வில்லையணிந்து வந்தவனுக்கு வேறொரு பெயர். நூல்கள் பல எழுதி விளக்க வேண்டுவதை ஒரு சொல்லில் வைத்துவிட்டனர்.

இனி ஊர்மன்றத்துக்கு வருவோம். அதுவும் அயலார் தொடங்கியதே. 1927-இல் இலூப்பு என்னும் வட்டத்தின் கண்காணிப்பாளராயிருந்த சான் அண்டர் என்னும் வெள்ளை அலுவலர், மேய்ச்சலும் பயிர்த்தொழிலும் பற்றிய செய்திகளை மக்களுக்கு எடுத்துரைக்கப் பகுதிதோறும் ஒரு கூட்டம் அமைத்தார். தலைவர் ஒருவர், துணைத்தலைவர் ஒருவர், எழுத்தர் ஒருவர் என மூவரை ஊரார் தேர்ந்தெடுத்தனர். மன்றக்கூடம் கட்ட மரமும் ஆணியும் அரசு தந்தது; உழைப்பை ஊரார் தந்தனர். அண்டரின் நோக்கம் ஆட்டுக்கிடாய்களின் தரத்தை உயர்த்துவதும், புழு நீக்குவதும், அரசின் அறிவிப்புகளை ஊருக்குக் கொண்டுசேர்ப்பதுமே. ஆனால் கூடத்தைக் கட்டிய மக்கள் அதனுள் அமர்ந்து தம் வழியிற் பேசத் தொடங்கினர். அது பழைய ஊர்க்கூட்டமாக மாறிவிட்டது. ஆங்கிலத்தார் சொன்ன கிளை என்னும் சொல்லை அவர்கள் பெயர்த்துக்கொள்ளவுமில்லை, கடன்வாங்கவுமில்லை. மூன்று பொறுப்பாளரை 'அமர்த்தப்பட்ட மூவர்' என்றனர்; கூடத்தைக் 'கூடும் வீடு' என்றனர். ஆறேழு ஆண்டுகளில் மன்றங்களின் எண்ணிக்கை நூற்றை நெருங்கிற்று.

இம்மன்றங்களின் உரத்தைக் காட்டிய நிகழ்ச்சி ஆடுகுறைப்பு. 1933-இல் தொல்குடியினர் அலுவற்றுறைக்கு ஆணையராக வந்த சான் கோலியர் தொல்குடிகளிடத்துப் பரிவுடையவர் எனப் பெயர் பெற்றவர். மேய்ச்சல் மிகுதியால் மண் அரித்துச் சென்று, கொலராடோ ஆற்றில் எழுந்துவந்த புதிய பேரணையை வண்டல் தூர்த்துவிடும் என்று பொறியாளர் அஞ்சினர். அவ்வச்சத்தின் பயனாகத் தினே மக்களின் செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் குதிரைகளையும் குறைக்க ஆணை பிறந்தது. மண் அரிப்பு மெய்யே, அதனை மறுப்பதற்கில்லை. ஆயின் அதற்கு விலைகொடுத்தோர் யாவர்? ஆடு அம்மக்களிடத்துப் பெண்களின் உடைமை. ஆடே உணவு, ஆடே நெசவு, ஆடே பிள்ளைகட்குத் தாய் கொடுக்கும் செல்வம். விற்க வழியில்லாத வெள்ளாடுகள் சுட்டுக்கொல்லப்பட்டு, ஓடைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் அழுக விடப்பட்டன. அதனைக் கண்ணாற் கண்ட முதியோர் பிற்காலத்தும் அதைச் சொல்லும்போது அழுதனர் என்று வரலாறு எழுதியோர் குறிக்கின்றனர்.

பேராயம் முதலில் ஒப்பியது. ஊர்மன்றங்களோ எதிர்த்தன. அரசின் அறிவிப்பைக் கேட்பதற்கென்று கட்டிய கூடங்களில் அரசை மறுக்கும் பேச்சு எழுந்தது. அரசு அம்மன்றங்கட்குத் தந்துவந்த துணையை நிறுத்திற்று; பல மன்றங்கள் கூடுதல் ஒழிந்தன; சில தம் முயற்சியால் உயிர்தாங்கின. தொல்குடிகட்கென்று கோலியர் இயற்றிய புதிய ஆட்சிச்சட்டத்தை ஏற்பதா மறுப்பதா என்று 1935-இல் ஒப்போலை எடுத்தபோது தினே மக்கள் ஏறத்தாழ ஐந்நூறு ஒப்போலை வேறுபாட்டில் மறுத்தனர். அச்சட்டத்தில் நன்மைகள் இருந்தன என்பார் கூற்றை நாம் தள்ளவில்லை. ஆட்டைச் சுட்டவன் கையிலிருந்து அரசியற்சட்டம் வாங்க அவர்கட்கு மனம் வரவில்லை. அவ்வளவே.

துணை நிறுத்தப்பட்ட பின்னும் ஊர்மன்றம் சாகவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்து, எண்ணெயாலும் கதிர்க்கனிமத்தாலும் பேராயத்திற்குப் பணம் வந்த காலத்தில், 1955 ஏப்பிரலில் பேராயமே ஊர்மன்றங்களை முறைப்படி ஒப்புக்கொண்டது. கூடங்கள் புதிதாக எழுந்தன. பேராயம் ஈன்ற பிள்ளையாக ஊர்மன்றத்தைச் சிலர் எழுதுவர், அது பிழை. பேராயத்துக்கு முறையான ஊர்வேர் கிடைத்தது அன்றுதான் என்பதே பொருந்தும்.

ஊர்மன்றக் கூடம் எத்தகையது? பாலைநிலத்தில் ஒரு சாலைச்சந்தி, அருகே நீர்த்தொட்டி, முன்னே வண்டிகள். வீடுகளுள் ஏறத்தாழ முப்பது விழுக்காட்டில் இன்றும் குழாய்நீர் இல்லை. ஆகலின் நீர் நிரப்பிச் செல்வோர் மன்றத்துக்கே வருகின்றனர். மாரிக்கு விறகு, முதியோர்க்கு வீட்டுச் செப்பம், மாணவர்க்கு உதவிப்பணம், இறந்தார்க்கு அடக்கச் செலவு, தேர்தல் நாளில் ஒப்போலை, இவை யாவும் அங்கேதான். வீடு கட்ட நிலம் வேண்டுவோர் மேய்ச்சல் உரிமையாளர் இசைவைப் பெற வேண்டும். அதன் பொருட்டு ஊர்தோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட மேய்ச்சல் அலுவலர் ஒருவர் உளர். கூட்டத்தின் புறவடிவம் ஆங்கில முறை: ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், கைகளை எண்ணி ஏற்றோர் இத்துணையர், மறுத்தோர் இத்துணையர், ஒதுங்கினோர் இத்துணையர் என்று எழுதுவர். உள்ளியல்போ பழையது. பேசுவோரை இடைமறித்தல் இல்லை. தம் குடியும் தந்தை குடியும் சொல்லித் தம்மை அறிமுகம் செய்துகொண்டு பேசத் தொடங்குவர். மறுப்போர் மனம் மாறும் வரை பேச்சு நீளும். கைகளை எண்ணுவது பெரும்பாலும் பேச்சு முடிந்த பின்னர் நிகழும் ஒரு சடங்கே. வெளியாட்கள் இதனைக் காலக்கழிவு என்று எழுதியதுண்டு. மூன்று மணி நேரத்தில் முடித்து, முப்பதாண்டு வழக்காடுவதினும் இது சிக்கனமானது என்பது நம் கருத்து.

அப்பேச்சு நடைபெற்றது தினே மொழியில். ஈண்டு அம்மொழியைப் பற்றிச் சிறிது கூறாமற் செல்ல இயலவில்லை. அது கடன்வாங்க அஞ்சும் மொழி. வாசிங்டன், காப்பி போன்ற சில சொற்களைத் தவிர அயற்சொல்லை அது எளிதிற் புகவிட்டதில்லை. தொலைபேசியைச் 'செய்தி சொல்லும் மாழை' என்றனர். 1942-இல் அமெரிக்கக் கடற்படை வீரராக 29 தினே இளைஞர் அமர்த்தப்பட்டுத் தம் மொழியை அடிப்படையாகக் கொண்டு மறைமொழி வகுத்தபோது, நீர்மூழ்கிக் கப்பல் இரும்பு மீனாயிற்று, கவசவண்டி ஆமையாயிற்று. போர் முடியுந்துணையும் அம்மறைமொழியைச் சப்பானியர் அவிழ்க்கவில்லை. அவ்விளைஞருட் பலர், பள்ளியில் அதே மொழியைப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட தலைமுறையினர். ஆசிரியத் தொழிலில் இருப்பார் இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்க்கக் கடவர்.

பள்ளியைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. 1966-இல் கரட்டுப்பாறை எனப் பொருள்படும் ஓர் ஊரில் ஒரு பள்ளி, ஊராரே தேர்ந்த குழுவின் ஆளுகையில் தொடங்கப்பட்டது. தொல்குடி ஊரொன்று தானே ஆளும் பள்ளிகளுள் அதுவே முதலாவது எனக் கூறுவர். குழுவில் இருந்தோர் தினே மக்கள். பெரும்பாலார் பள்ளிப்படிப்பு மிகக் குறைந்தவர். படியாதோர் பள்ளியை நடத்துவது எங்ஙனம் என்று கற்றோர் வியந்தனர். அவர்கள் முதலிற் செய்தது, பிள்ளைகட்குத் தம் மொழியிலும் பாடஞ்சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தது. கற்றோர் நூறாண்டாகச் செய்யாதது அது! இரண்டாண்டு கழித்து, 1968-இல், தொல்குடியினர் தாமே நடத்தும் முதற் கல்லூரியையும் தினே மக்கள் நிறுவினர்.

இனிக் கசப்பான பகுதி. ஊர்மன்றத்தின் முடிவு நெடுங்காலம் வேண்டுகோளாகவே இருந்தது. ஊரார் கூடி எழுதியதைத் தலைநகர் ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். நிலமோ சட்டத்தின்படி ஒன்றிய அரசின் பொறுப்புடைமையில் உளது; ஆகலின் ஒரு கடை வைக்கவும் பல மேசைகளில் கையொப்பம் வேண்டும். செகாகோட்சானி என்பது தலைநகரின் பெயர். துளையுடைய பாறை என்று பொருள். அத்துளை வழியே ஊர்களின் தாள்கள் உள்ளே சென்றன; வெளியே வந்தவை சிலவே.

1989-இல் அத்தலைநகரம் கலங்கிற்று. கையூட்டுக் குற்றச்சாட்டுக்கு ஆளான பேராயத் தலைவர் பீட்டர் மக்டொனால்டு பெப்ருவரியில் விடுப்பில் வைக்கப்பட்டார். சூலையில் அவர் சார்பினர் திரண்டபோது நேர்ந்த மோதலில் இருவர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு தினே நாட்டின் முறைமன்றமே அவரைக் குற்றவாளி எனத் தீர்த்தது. இதற்கிடையே 1989 திசம்பரிலேயே ஆட்சியமைப்புத் திருத்தப்பட்டு, ஆணையுரிமை மூன்று துறையாகப் பிரிக்கப்பட்டது. ஒருவர் கையில் எல்லாம் குவிந்தால் என்னாகும் என்பதைக் கண்ட மக்கள், ஊர்கட்கு உரிமை பிரித்துத் தரவேண்டும் என்று கேட்டனர். அதன் விளைவு 1998 ஏப்பிரலில் நிறைவேறிய ஊராட்சிச் சட்டம். நிலத்திட்டம் வகுக்கவும், ஊர்ச்சட்டம் இயற்றவும், வாணிக இடங்களைக் குத்தகைக்கு விடவும், மக்கள் இசைவுடன் வரி விதிக்கவும் ஊர்மன்றங்கட்கு அச்சட்டம் இடந்தந்தது.

ஆனால் ஒரு கதவு வைத்தது. கணக்கு, கொள்முதல், பணியாளர், ஆவணம், உடைமை என்னும் ஐந்திலும் எழுதப்பட்ட மேலாண்மை முறைகளை வகுத்துக் காட்டித் தகுதிச் சான்று பெற்ற மன்றங்கட்கே அவ்வுரிமைகள். சாண்டோ என்னும் ஊர் அச்சான்றை முதலிற் பெற்றது. இருபதாண்டு கடந்த பின்னும் 110-இல் செம்பாதி மன்றங்கள்கூட அதனைப் பெற்றிருக்கவில்லை. மன்றங்களிற் பணம் கையாடப்பட்ட நிகழ்ச்சிகளைத் தணிக்கையாளர் பலமுறை வெளியிட்டுள்ளனர்; அதனை மூடிமறைத்து ஊரென்றால் தூய்மை என்று பாடுதல் பொய். கணக்குக் கேட்பது முறையே. நாம் குறைகூறுவது வேறொன்றனை. அவ்வைந்து முறைகளும் ஆங்கிலத் தாள்களில் வாழ்வன. ஊர்க்கூட்டத்தைத் தாங்கிநிற்கும் முதியோர் அத்தாள்களைப் படிக்கமாட்டாதவர். அத்தாள்களைப் படிக்கவல்ல இளைஞரோ வேலை தேடி பீனிக்சுக்கும் அல்புகர்க்கிக்கும் போயினர். ஊர் தன் மொழியிற் கூடித் திறம்பட முடிவெடுக்கின்றதா என்பதை ஆய ஓர் ஆறாவது முறையை எவரும் வகுக்கவில்லை. பேச்சால் ஆண்டவர்க்குத் தாளால் தகுதி அளக்கின்றனர்.

தாளால் வெற்றி கண்ட ஊரும் உண்டு. கயெண்டா என்னும் வணிகவூர் 1980-களின் இடையில் ஒரு செய்முறைத் திட்டமாகத் தனி நகராட்சி தொடங்கி, பின்னர் விற்பனை வரி விதித்து, தன் சாலைக்கும் குப்பைக்கும் தானே செலவிட்டு வருகின்றது. நெடுஞ்சாலையும் சுற்றுலாவும் வந்து குவியும் அவ்வூரை, சாலையே மண்பாதையான மேய்ச்சலூர்க்கு முன்மாதிரியாகக் காட்டுவது பொருந்தாது.

பழைய முறைக்கு ஒருபால் இடம் கிடைத்தது முறைமன்றத் துறையில். 1982-இல் தினே முறைமன்றத்தார் அமைதியாக்கும் மன்றம் ஒன்றை நிறுவினர். வழக்கிட்டோர் ஒன்றாய் அமர்ந்து, நாட்டானியைப் போன்ற ஒருவர் முன்னிலையிற் பேசி, உறவைச் செப்பம் செய்துகொள்ளும் முறை அது. அவ்வமைதியாளரைத் தேர்ந்து அனுப்புவது ஊர்மன்றம். 'வென்றவன் தோற்றவன்' என்னும் பேச்சு அங்கில்லை.

2020-இல் மகுடை (கொரோனா) நோய் தினே நாட்டைத் தாக்கிற்று. அவ்வாண்டு மே திங்களில் மக்கள்தொகை விகிதப்படி அங்குப் பரவல் நியூயார்க்கு மாநிலத்தையும் விஞ்சிற்று. கை கழுவுக என்றனர். கழுவ நீர் இல்லை. அப்போது நீரும் உணவும் விறகும் கொண்டு வீடுவீடாகச் சென்றவருள் ஊர்மன்றப் பொறுப்பாளரும் தன்னார்வலரும் முன்னின்றனர். எவ்வீட்டில் தனித்து ஒரு பாட்டி இருக்கின்றாள், எப்பாதை மழையில் அடைபடும் என்பது தலைநகரத் தாளில் இல்லை; ஊரார் நெஞ்சில் இருந்தது. அடுத்த ஆண்டு வாசிங்டன் அரசு துயர்துடைப்புக்கென 200 கோடி தாலருக்கு மேல் தந்தது. அப்பணம் செகாகோட்சானியின் மேசைகளில் ஆண்டுக்கணக்காக ஊர்ந்து நகர்ந்தமையை அவர்தம் செய்தித்தாள்களே கண்டித்தன.

இதற்கிடையில் பேராயமும் சுருங்கிற்று. 88 பேராளர் இருந்ததை 24 ஆக்க வேண்டும் என்று குடித்தலைவர் சோ சர்லி முன்னிட்ட கோரிக்கையை 2009 திசம்பரில் மக்கள் ஒப்போலையால் ஏற்றனர். 2011 முதல் 24 பேரே. பழைய நாச்சித் கூட்டத்துப் பன்னிருவரும் பன்னிருவரும் சேர்ந்த எண்ணிக்கை இதுவே எனச் சிலர் மகிழ்ந்தனர். செலவு குறைந்தது, ஆனால் ஒரு பேராளர் நான்கைந்து ஊர்மன்றங்கட்கும், சிலர் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் பொறுப்பாயினர். திங்கள்தோறும் ஊர்மன்றக் கூட்டத்தில் நேரே நின்று விடைசொல்லும் பேராளர் அருகினார்.

மொழிக்கும் ஒரு சோதனை வந்தது. குடித்தலைவர் பொறுப்புக்கு நிற்பவர் தினே மொழியைத் தடையின்றிப் பேசவும் உணரவும் வேண்டும் என்பது அவர்தம் சட்டம். 2014 தேர்தலில் முதற்சுற்றில் இரண்டாமிடம் பெற்ற ஒருவர் மொழித்தேர்வுக்கு உட்பட மறுத்துத் தகுதியிழந்தார். உச்ச முறைமன்றம் அவர் முறையீட்டைத் தள்ளிற்று. தேர்தல் அடுத்த ஆண்டு ஏப்பிரலுக்குத் தள்ளிப்போயிற்று. இளையோர் சினந்தனர்: எங்கட்கு மொழியைக் கற்றுத்தராதவர் நீங்கள், இப்போது அது தெரியாமைக்கு எங்களைத் தண்டிக்கின்றீர் என்றனர். அச்சினத்தில் உண்மை இருந்தது. முதியோரோ, ஊர்மன்றத்தில் எழுந்து எங்கள் மொழியில் விடைசொல்ல இயலாதவன் எங்களை எங்ஙனம் ஆள்வான் என்றனர். அதிலும் உண்மை இருந்தது. 2015 சூலையில் நடந்த பொது ஒப்போலையில், வேட்பாளர் மொழியறிந்தவரா என்பதை வாக்களிக்கும் மக்களே முடிவு செய்வர் என்று சட்டம் மாற்றப்பட்டது. தினே பேசுவோர் இன்றும் ஒன்றரை இலக்கத்துக்கு மேற்பட்டோர். வட அமெரிக்கத் தொல்குடி மொழிகளுள் இது பெருந்தொகையே. ஆயின் அவருள் பிள்ளைகளின் பங்கு ஆண்டுதோறும் குறைகின்றது. சட்டத்தை மாற்றியவர் தோற்றனர் என்றோ வென்றனர் என்றோ நாம் சொல்லவில்லை. தேர்வுத்தாள் மொழியைக் காவாது, கூட்டம் காக்கும்.

கூட்டமோ? 1998 சட்டம் ஊர்மன்றம் கூடுதற்கு 25 பேர் வேண்டும் என்றது. மண்பாதையில் முப்பது கல் கடந்து வரும் முதியோர் இருபதின்மர் அமர்ந்திருப்பர். எஞ்சிய ஐவர்க்காக ஒரு மணி நேரம் காத்திருப்பர். வாராதுபோகவே அடுத்த திங்களுக்குத் தள்ளிவைத்து வீடு திரும்புவர். எண்ணிக்கை நிரம்பிய நாளில் சில மன்றங்களில் ஒரு புதிய தேவை எழுந்துள்ளது. முதியவர் தினேயிற் சொல்வதை இளையோர்க்கு ஆங்கிலத்தில் எடுத்துச்சொல்ல ஒருவர் வேண்டியிருக்கின்றது. அண்டர் நாளிலும் அக்கூடத்தில் மொழிபெயர்ப்பார் ஒருவர் உண்டு. அவர் அன்று மொழிபெயர்த்தது அண்டருக்காக.